கண்மாய்ப் பணிக்கு வந்த மானியத்தை உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து ஒருங்கிணைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளைக்கு ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியாக 40 லட்சம் ரூபாய் வர இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் எட்டு ஊர்களின் ஊருணிகளையும் (ஊர்ப் பொதுக் குளங்கள்) சிறு கண்மாய்களையும் (பாசன ஏரிகள்) உள்ளூர் அமைப்புகள் வழியாகச் சீரமைப்பது திட்டம். எந்த அமைப்புகளைத் தேர்ந்தெடுப்பது, பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, கணக்கை யார் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்றுக்கும் முன்னால், பணம் எந்த மாதத்தில் கைக்கு வரும் என்பதை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் கண்மாய்க்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, நிறுவனத்துக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது, இரண்டும் பெரும்பாலும் முட்டிக்கொள்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதில் நிறைந்த கண்மாய் தை, மாசியில் நெல் அறுவடை முடியும் வரை பயிருக்குத் தண்ணீர் கொடுத்து, பங்குனியில்தான் தரை தெரிய வற்றும். ஆகவே தூர் வாருதல், கரை பலப்படுத்துதல், மடை கட்டுதல் ஆகிய எல்லாமே பங்குனியிலிருந்து ஆவணி வரையிலான ஐந்து, ஆறு மாதங்களுக்குள் நடந்தாக வேண்டும். நிறுவனமோ ஏப்ரலில் ஆண்டைத் தொடங்கி, திட்டங்களைப் பரிசீலித்து, ஒப்பந்தம் போட்டு, டிசம்பரிலோ ஜனவரியிலோ முதல் தவணையை அனுப்பிவிட்டு, மார்ச் 31-க்குள் செலவுச் சான்று கேட்கும். கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது பணம் நிற்காது என்று ஒரு கண்மாய்ச் சங்கத் தலைவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இதைத்தான். அப்படி அவசரப்படுத்தப்பட்ட திட்டங்களில் வழக்கமாக நடப்பது, தண்ணீர் இல்லாத ஏதோ ஓர் ஓரத்தை இயந்திரம் விட்டுச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்புவது. அதற்காக உள்ளூர் அமைப்பைக் குறை சொல்வது நியாயமாகாது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, ஒரு திட்டத்தைத் 'தொடர் திட்டம்' என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். அப்படி ஏற்கவில்லை என்றால் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, இது இரண்டு நிதியாண்டுகளில் பரவும் தொடர் திட்டம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஊர்க்கூட்டம், அளவெடுப்பு, அனுமதி. மார்ச் முடிந்ததும் மண் வேலை. மழைக்குப் பிறகு சரிபார்ப்பு என்று வைத்தால் நிறுவனத்தின் கணக்கர்களும் ஒப்புக்கொள்வார்கள். நிறுவனத்திடம் பேசி இதை வாங்கித் தருவதுதான் ஒருங்கிணைப்பாளராக நீங்கள் செய்யும் முதல் பெரிய உதவி. உள்ளூர் அமைப்பால் அந்த மேசை வரை வர முடியாது.

அடுத்தது பணம் போகும் பாதை. சி.எஸ்.ஆர். நிதியைப் பெற்றுச் செயல்படுத்தும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனம் தானே தொடங்காத அறக்கட்டளை என்றால் மூன்று ஆண்டுப் பணி அனுபவமும் வேண்டும். ஊரில் இருக்கும் கண்மாய்ச் சங்கத்துக்கோ மகளிர் கூட்டமைப்புக்கோ இவை பெரும்பாலும் இருக்காது, இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பொறுப்பை உங்கள் அறக்கட்டளை சுமக்கட்டும். ஆனால் எந்தெந்த உள்ளூர் அமைப்பு எந்தப் பணியைச் செய்யப்போகிறது என்ற பட்டியலை நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே இணைத்துவிடுங்கள். பின்னால் தணிக்கையில், யாருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்ற கேள்வி எழாது.

வருமான வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வருமான வரித்துறையில் அறப்பணி அமைப்பாகப் பதிவு பெற்ற இன்னொரு அறக்கட்டளைக்கு நீங்கள் நன்கொடையாக அனுப்பும் தொகையில், 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு 85 விழுக்காடு மட்டுமே உங்கள் அறச்செலவாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. அதே பணியை ஒப்பந்தமாகக் கொடுத்து, முடித்த வேலைக்கான கட்டணமாகச் செலுத்தினால் முழுத்தொகையும் செலவுதான். ஆனால் அப்போது வரிப்பிடித்தமும் ஜி.எஸ்.டி. கேள்வியும் வந்து சேரும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் தணிக்கையாளரிடம் முதல் தவணைக்கு முன்னால் கேளுங்கள். ஆண்டு இறுதியில் கேட்டால் அவர் வருத்தம் தெரிவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய்கூட இதில் கலக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை, அதே பதிவுள்ள இன்னோர் அமைப்புக்குக்கூட மாற்றித் தர முடியாது. அதுவரை பெரிய அமைப்புகள் பெற்றுச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்த ஒரு முழு ஏற்பாடே அந்தத் திருத்தத்தோடு நின்றுபோனது. கிராமங்களில் பணிபுரிந்த எத்தனையோ சிறு அமைப்புகள் சுருங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. உங்களிடம் வெளிநாட்டு நிதி இருந்தால் அதை உங்கள் சொந்தப் பணியாளர், சொந்தப் பயிற்சி என்று தனியே நடத்துங்கள்.

இனி, பணத்தை ஊருக்கு அனுப்புவதா, நீங்களே வைத்துக்கொண்டு இயந்திர உரிமையாளருக்கும் சிமெண்ட் கடைக்கும் நேரடியாகக் கொடுப்பதா என்ற கேள்வி. இரண்டாவது வழி தணிக்கைக்கு எளிது. பல அமைப்புகள் அதைத்தான் விரும்புகின்றன. ஆனால் அதில் ஊர்க்காரர்கள் தங்கள் கண்மாயில் நடக்கும் வேலைக்கு வெறும் சாட்சிகளாகிவிடுகிறார்கள். மணி கணக்கில் ஓடும் இயந்திரம் உண்மையில் எத்தனை மணி ஓடியது என்பதைக் கவனிக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருப்பதில்லை, ஏனென்றால் மதுரையில் யாரோ கொடுக்கிறார்கள். பணம் ஊரின் பொறுப்பில் இருந்தால், பொக்லைன் ஓட்டுநர் டீ குடிக்கப் போகும்போதுகூட மணியைப் பார்க்க இரண்டு பேர் இருப்பார்கள். ஆகவே வங்கிக் கணக்கும் பதிவும் உள்ள உள்ளூர் அமைப்பு இருக்கும் ஊரில் தவணையாகப் பணத்தை அங்கேயே அனுப்புங்கள். பதிவு இல்லாத இடங்களில் மட்டும், ஊர்க்குழு தீர்மானம் போட்டு ஒப்பிய சீட்டின் பேரில் நீங்கள் நேரடியாகச் செலுத்துங்கள். அங்கும் முடிவு குழுவினுடையதாக இருக்கட்டும், காசோலை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அறக்கட்டளையின் செலவாக அது ஏற்கப்படாது என்பதை எல்லா ஊரிலும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். டீசல் காசையும் இயந்திர வாடகையையும் ரொக்கமாகக் கொடுப்பதே ஊர் வழக்கம் என்பதால், பின்னால் வரும் சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்த அமைப்பு என்பதற்கு வருவோம். இந்த இரு மாவட்டங்களிலும் நீங்கள் சந்திக்கக்கூடியவை மூன்று வகை. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் பதிவாகி, பத்து இருபது ஊர்களில் வேலை செய்யும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்று. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இன்னொன்று. கண்மாயில் பாசனம் பெறும் நிலமுள்ள ஆயக்கட்டு விவசாயிகளின் கண்மாய்ச் சங்கம் மூன்றாவது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை பல ஆண்டுகளாக வளர்த்த வயலகங்கள் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. கணக்கெழுதும் பழக்கம் மகளிர் கூட்டமைப்பில் மிக நன்றாக இருக்கும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது, எந்த மடையில் யாருக்கு முறை என்ற அறிவு கண்மாய்ச் சங்கத்தில் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனுவை நகர்த்தும் திறமை தொண்டு நிறுவனத்திடம் இருக்கும். ஒரே அமைப்பிடம் மூன்றையும் எதிர்பார்த்து மதிப்பெண் பட்டியல் போடுவதைவிட, ஊருக்கு இரண்டு அமைப்புகளைச் சேர்த்து, பணம் ஒன்றிடமும் அளவும் மேற்பார்வையும் மற்றொன்றிடமும் இருக்கும்படி ஒரு பக்க உடன்படிக்கையில் எழுதிவிடுவது நடைமுறையில் நன்றாக வேலை செய்திருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயக்கட்டு என்றால் நிலம் உள்ளவர்கள். கண்மாய்ச் சங்கத்தை மட்டும் கேட்டால் முன்னுரிமைப் பட்டியலில் மடையும் கரையும்தான் வரும். நிலமில்லாத குடும்பங்களும் தலித் குடியிருப்பும் நம்பியிருக்கும் ஊருணி கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஊர்க்கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் யார் வர மாட்டார்கள் என்பதை உள்ளூர்க்காரர் எவரும் உங்களுக்குத் தாமாகச் சொல்ல மாட்டார். பள்ளி வளாகம், ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி என்று எல்லோரும் தயங்காமல் வரும் இடத்தைக் கேட்டு வையுங்கள். கண்மாய் வேலைக்கு ஒரு தொகை, ஊருணி வேலைக்கு ஒரு தொகை என்று ஊருக்கான ஒதுக்கீட்டை ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டால், பங்கு பிரிக்கும் சண்டையை ஊர்க்கூட்டத்தின் தலையில் போடாமல் தப்பலாம்.

பல நிதிகளும் பல அமைப்புகளும் ஒரே இடத்தில் குவியும்போது என்ன ஆகும் என்பதற்கு நாகப்பட்டினத்தைவிடப் பெரிய பாடம் தமிழ்நாட்டில் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மாநிலத்திலேயே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அது. சில நாட்களிலேயே உதவி அமைப்புகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கின. கேரளத்தையும் தமிழகத்தையும் சேர்ந்த மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகையில் ஏற்கெனவே மீனவப் பெண்களிடையே பணியாற்றிவந்த சிநேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. யார் எந்தக் குப்பத்தில் என்ன கொடுக்கிறார்கள், எங்கே யாரும் போகவில்லை என்ற தகவல் ஒரு மேசையில் சேர்ந்ததே அந்த மையத்தின் பலம். அது எவருக்கும் மானியம் கொடுத்து அந்த இடத்தைப் பெறவில்லை. இருந்தும் கண்ணாடியிழைப் படகுகள் விஷயத்தில் கடற்கரை முழுவதும் கொடுப்பவர்களின் ஆர்வமே வென்றது. படம் எடுக்க அழகான பொருள் படகு என்பதால் தேவைக்கு மேல் படகுகள் வந்து, அவற்றில் போக ஆள் இல்லாத நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. கேட்டவர் கையில் பட்டியல் இருந்தது, கொடுத்தவர் கையில் முடிவு இருந்தது.

உங்கள் எட்டு ஊர்களுக்கு அவ்வளவு பெரிய மையம் தேவையில்லை. எட்டு ஊர்ப் பிரதிநிதிகளும் மாதம் ஒரு முறை கூடும் ஒரு மேசை போதும். கூட்டம் மதுரையில் வேண்டாம். சுற்றுமுறையில் அந்தந்த ஊர்களில் நடக்கட்டும், பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் திட்டச் செலவில் சேரட்டும். ஓர் ஊர்க் கண்மாயில் உபரிநீர் வழியும் கலுங்கை இன்னோர் ஊர்க்காரர் நின்று பார்க்கும்போது கேட்கும் கேள்விகள், எந்தக் கண்காணிப்பு அலுவலரும் கேட்காதவை.

அந்த மேசைக்கு முதல் வேலை, ஒரே கண்மாய்க்கு வேறு பணம் வருகிறதா என்று பார்ப்பது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. 40 ஹெக்டேருக்கும் குறைவான ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் இருக்கின்றன. யாருடைய கண்மாய் என்று தெரியாமல் மண்வெட்டியை வைக்க முடியாது. தடையின்மைச் சான்றும், வண்டல் மண்ணை வெளியே எடுப்பதென்றால் சிறுகனிம விதிகளின்படி அனுமதியும் வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலரிடம் அந்த ஆண்டின் பணிப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டிய அதே வரத்துக்காலை இன்னொரு நிதியில் வெட்டியதாகக் கணக்குக் காட்டிய ஒரு கோப்பைப் பார்த்திருக்கிறேன். படத்தில் இருந்த பனைமரம்தான் காட்டிக்கொடுத்தது.

ஊர்ப்பங்கு பற்றி. பாசனதாரரைச் சேர்த்துக்கொண்டு நீர்நிலைகளைச் சீரமைக்க 2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் பாசனதாரர் பங்கு 10 விழுக்காடு, அதைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்று வைத்தார்கள். மக்கள் பங்களிப்போடு ஊர்ப்பணிகளைச் செய்யும் அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்பதைவிட, அந்தப் பங்கு எங்கே போய்ச் சேருகிறது என்பது முக்கியம். பல திட்டங்களில் அதைச் செலவுக் கணக்கில் சேர்த்து, இயந்திர உரிமையாளரிடம் விலையைக் கூட்டிப் போடச் சொல்லி, காகிதத்தில் மட்டும் ஊர்ப்பங்கை உண்டாக்குகிறார்கள். இந்த ஏமாற்று வேலையைத் தூண்டுவது நிதி கொடுப்பவரின் நிபந்தனைதான். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊரே வரிவைத்து வசூலித்து, கண்மாய்ச் சங்கத்தின் சொந்தக் கணக்கில் பராமரிப்புக்காக வைத்துக்கொள்ளட்டும். மீன் ஏலத்தில் வரும் பணத்திலும் ஒரு பகுதி அதில் சேரட்டும். முதல் தவணைக்கு முன்னால் அந்த வங்கிப் புத்தகத்தை மட்டும் நீங்கள் பாருங்கள். மானியத்துக்குள் அதைக் கலக்கவே வேண்டாம்.

கணக்கும் அறிக்கையும் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நிறுவனம் கேட்கும் ஆங்கில அறிக்கையை எழுத உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் வேண்டும்; அந்தச் சுமையைக் கிராமத்துக்கு இறக்காதீர்கள். ஊரிடம் கேட்க வேண்டியவை சில: தோண்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு, பழைய மட்டம் தெரிய ஆங்காங்கே விட்டுவைத்த மண் திட்டுகளோடு எடுத்த படம், இயந்திர மணிக்கணக்கில் இருவர் கையெழுத்து, வங்கிப் பதிவு. வரவு செலவைக் கிராமசபையில் வாசிப்பது கட்டாயம் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை வாசிக்கவும், ஆகஸ்ட் 15 வேலை முடியும் நேரம் என்பதால் செலவை வாசிக்கவும் இயல்பாகப் பொருந்தும். உங்கள் அறக்கட்டளையின் தணிக்கையாளருக்குப் பயப்படாதவர்கூட, தன் ஊரார் நடுவில் லோடு கணக்கைத் தவறாகப் படிக்கத் தயங்குவார்.

உள்ளூர் அமைப்பின் ஊழியருக்குச் சம்பளம் தர நிறுவனம் மறுக்கக்கூடும். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்கிறதே என்பார்கள். அந்த வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் பொது நிர்வாகச் செலவுக்கு மட்டும்தான். குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் அடங்காது என்று 2021 ஜனவரியில் திருத்திய விதியே சொல்கிறது. விதியை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். ஊருக்கு ஊர் ஓடும் ஒருவருக்கு ஒழுங்கான சம்பளமும் பெட்ரோல் காசும் தராமல், உள்ளூர்ப் பங்காளி என்று அழைப்பது மட்டும் மரியாதையாகாது.

தொகையைப் பிரிப்பதில் எட்டு ஊருக்கும் சமமாக ஐந்து லட்சம் என்று வைத்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள், ஆனால் வேலை சமமாக இருக்காது. நான் முப்பது லட்சத்தை அளவெடுத்த மதிப்பீட்டின்படி பிரிப்பேன். ஐந்து லட்சத்தை ஊழியர், பொறியாளர், கூட்டம், தணிக்கைக்கு வைப்பேன். மிச்சம் ஐந்து லட்சத்தை எந்த ஊர் பெயரும் போடாமல் மாதாந்தர மேசையின் முடிவுக்கு விடுவேன். ஓர் ஊரில் அனுமதி வராமலோ, ஆக்கிரமிப்பு வழக்காலோ, ஊருக்குள் பகையாலோ வேலை நின்றால் அந்தத் தொகை எத்தனை நாளில் எந்த ஊருக்கு மாறும் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். எட்டில் ஒன்று நிச்சயம் நிற்கும். அப்போது விதி இல்லையென்றால் அந்தப் பழியை உங்கள் ஊழியர் சுமக்க நேரிடும்.

தவணையை 40, 40, 20 விழுக்காடாக வைத்து, கடைசி 20-ஐ வேலை முடிந்த அன்று விடுவிக்காதீர்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் உங்கள் பொறியாளரும் பக்கத்து ஊர்ப் பிரதிநிதி ஒருவரும் கரையில் நடந்து பார்க்கட்டும். வரத்துக்காலில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, புதிய மண் எங்கே கரைகிறது, மடைப்பலகை சரியாக உட்காருகிறதா என்று அன்று தெரியும். கரைந்த இடத்தைச் சரிசெய்யவே அந்தக் கடைசித் தவணை தேவைப்படும்.